மூளையைத் தாக்கும் மலேரியா: ஆராய்ச்சிகள் கற்பித்தவை

மலேரியா என்றவுடன் குளிர், நடுக்கம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உரிய மாத்திரைகளை உட்கொண்டால் சில நாள்களில் தீர்ந்துவிடும் நோய் என்பதே பொதுவான எண்ணம். பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் சரியானதே. ஆயினும், ஒரு சிலருக்கு இதே நோய் ஓரிரு நாள்களுக்குள் கடுமையாகி, வலிப்பையும் நினைவிழப்பையும் உண்டாக்குகிறது. இந்நிலையையே மருத்துவர்கள் ‘மூளை மலேரியா’ என்று அழைக்கின்றனர்.

இத்தகைய நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினரின் மனத்தில் மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. இரத்தத்தில் கிருமி குறைந்துவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் இவர் இன்னும் கண் விழிக்கவில்லை? மூளையில் வீக்கம் என்றால் அதை வற்றச் செய்ய மருந்து கொடுக்கக் கூடாதா? பிழைத்து எழுந்தபின் பழையபடி இருப்பாரா?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சிகள் நடைபெற்று வருகின்றன. அவற்றின் முடிவுகளை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்துகொள்வது பயனளிக்கும் என்பதால், இங்கு எளிமையாக விளக்க முற்படுகிறோம்.

கிருமி மூளைக்குள் நுழைகிறதா?

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் எனப்படும் ஒட்டுண்ணி. 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் இதனை நோயாளியின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்டார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், செகந்திராபாத்தில் பணிபுரிந்த ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் இவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டறிந்தார்.

இவ்வொட்டுண்ணியில் பல வகைகள் உள்ளன. நம் நகரங்களில் மிகுதியாகக் காணப்படும் ‘வைவாக்ஸ்’ வகை மூளையைத் தாக்குவது அரிது. ‘பால்சிபாரம்’ வகையே மூளை மலேரியாவுக்கு முதன்மையான காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் மலேரியாவால் உலகெங்கும் ஏறத்தாழ 5,97,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்க வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த உயிரிழப்புகளுக்குப் பெரிதும் காரணமாவது பால்சிபாரம் வகையே.

மூளை மலேரியா என்ற பெயரைக் கேட்கும்போது, கிருமி மூளைக்குள் புகுந்து அதனை அரிக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஒட்டுண்ணி மூளைத் திசுவுக்குள் நுழைவதில்லை. அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளேயே வாழ்கிறது. ஆனால், தான் குடியேறிய சிவப்பணுவின் மேற்பரப்பில் நுண்ணிய புடைப்புகளை உண்டாக்கி, அவற்றின் மீது ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதத்தை அமைத்துக்கொள்கிறது. பழுதடைந்த சிவப்பணுக்களை வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் பணி. அம்மண்ணீரலுக்குச் செல்லாமல் தப்பிப்பதற்காக, நோயுற்ற சிவப்பணு இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளும்போது இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. மூளைக்குச் செல்லவேண்டிய ஆக்சிஜனும் குளுக்கோஸும் குறைகின்றன.

2013ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று இச்செயலை மேலும் தெளிவாக்கியது. கடுமையான மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள், இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ‘இ.பி.சி.ஆர்.’ என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கின்றன என்பதே அக்கண்டுபிடிப்பு. இரத்தம் குழாய்க்குள் உறையாமலும், குழாய்ச் சுவர் கசியாமலும் காப்பதில் இவ்வேற்பிக்குப் பங்குண்டு. ஒட்டுண்ணி அதனை அடைத்துக்கொண்டால் அப்பாதுகாப்பு குன்றுகிறது. சுவர் கசிந்து, நீர் மூளைத் திசுவில் தேங்கி, வீக்கம் உண்டாகிறது.

முதல் கேள்விக்கான விடை இங்கேதான் உள்ளது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்துளியில் தென்படுவது ஓடும் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகள் மட்டுமே. குழாய்ச் சுவரில் ஒட்டி நிற்பவை அத்துளியில் வருவதில்லை. ஆகவே, பரிசோதனையில் கிருமியின் எண்ணிக்கை குறைந்த பின்னரும், அடைபட்ட நுண்குழாய்கள் திறக்கவும், கசிந்த நீர் வடியவும், மூளை தெளியவும் காலம் தேவைப்படுகிறது. குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் நினைவு திரும்பப் பெறுகின்றனர். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள்களோ, அதற்கும் மேலோ ஆகக்கூடும். மூளைத் திசுவைக் கிருமி நேரடியாக அழிப்பதில்லை என்பதால்தான், ஆழ்ந்த கோமாவில் இருந்தவரும் எழுந்து பேசும் வாய்ப்பு இந்நோயில் உள்ளது.

கண்ணுக்குள் ஏன் பார்க்கிறார்கள்?

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பிளான்டையர் என்றொரு நகரம் உள்ளது. அங்குள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் மால்கம் மாலிநியூ, டெர்ரி டெய்லர் ஆகிய மருத்துவர்கள் பல்லாண்டுகளாக மூளை மலேரியாவை ஆராய்ந்தனர். பேச இயலாத சிறு குழந்தைகளின் நினைவு நிலையை அளக்க அவர்கள் உருவாக்கிய அளவுகோல், இன்று ‘பிளான்டையர் கோமா அளவுகோல்’ என்று வழங்குகிறது. குழந்தையின் அழுகை, வலிக்கு அது காட்டும் எதிர்வினை, தாயின் முகத்தைப் பின்தொடரும் அதன் பார்வை ஆகியவற்றைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது.

இம்மருத்துவர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு முக்கியமான ஓர் எச்சரிக்கையைத் தந்தது. மூளை மலேரியா என்று கருதப்பட்டு, சிகிச்சை பலனின்றி உயிரிழந்த 31 குழந்தைகளின் உடல்கள், பெற்றோரின் ஒப்புதலுடன் கூறாய்வு செய்யப்பட்டன. அவர்களுள் 7 குழந்தைகளின் மரணத்துக்கு வேறு காரணங்கள் இருந்தன. இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்ததாலேயே, மற்றொரு நோய் மறைந்து நின்றிருந்தது. உயிருடன் இருந்தபோது இவ்விரு பிரிவினரையும் வேறுபடுத்திக் காட்டிய அறிகுறி ஒன்றே ஒன்றுதான்: விழித்திரையில் தோன்றும் மாற்றம்.

விழித்திரை மூளையின் ஒரு பகுதியாகவே கருவில் உருவாகிறது. அதன் நுண்குழாய்களும் மூளையின் நுண்குழாய்களை ஒத்தவை. ஆகவே, மூளையில் நிகழ்வது விழித்திரையிலும் நிகழ்கிறது. வெளிறிய திட்டுகள், நிறம் மாறிய குழாய்கள், நடுவில் வெண்மை கொண்ட இரத்தக் கசிவுகள் ஆகியவற்றை மருத்துவர் கருவியின் உதவியால் காண முடியும். நினைவிழந்து கிடப்பவரின் கண்ணில் சொட்டு மருந்திட்டு, ஒளி பாய்ச்சிப் பார்ப்பது இதற்காகவே.

முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனைக்கும் காரணம் இதுவே. மூளைக்காய்ச்சல் போன்ற வேறு நோய் மறைந்திருந்தால் அதற்கான மருந்தை உடனே தொடங்கவேண்டும். முதுகில் ஊசி போட்டால் கால்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சத்தால் சிலர் ஒப்புதல் தரத் தயங்குவதுண்டு. தண்டுவடம் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுகிறது. நோயாளியின் நிலை அதற்கு ஏற்றதா என்பதை ஆராய்ந்த பின்னரே மருத்துவர்கள் ஒப்புதல் கேட்கின்றனர். ஐயம் இருப்பின் தயங்காமல் கேளுங்கள். ஆனால், அச்சத்தால் மட்டும் மறுத்துவிட வேண்டாம்.

வீக்கமும் மூச்சும்

மூளை மலேரியாவில் மரணம் எவ்வாறு நேர்கிறது என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாகவே இருந்தது. பிளான்டையர் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பட்ட பின்னர் இதற்குத் தெளிவு பிறந்தது. விழித்திரை மாற்றத்தால் நோய் உறுதி செய்யப்பட்ட 168 குழந்தைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்த முடிவுகள் 2015ஆம் ஆண்டு வெளியாயின. அவர்களுள் 25 குழந்தைகள் உயிரிழந்தனர். அந்த 25 பேரில் 21 பேருக்கு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. மண்டையோடு விரிந்து கொடுக்காத கூடு. உள்ளே மூளை வீங்கும்போது, மூச்சை இயக்கும் மூளைத்தண்டு அழுத்தப்பட்டு மூச்சு நின்றுவிடுகிறது.

இதே ஆய்வு நம்பிக்கை தரும் செய்தியையும் கூறுகிறது. பிழைத்த 143 குழந்தைகளுள் 39 பேருக்கும் தொடக்கத்தில் கடுமையான வீக்கம் இருந்தது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் அது வற்றியது. கடுமையான வீக்கமும் தானாக வடியக்கூடியதே; அதுவரை நோயாளியின் மூச்சையும் உயிரையும் காத்து நிற்பதே மருத்துவத்தின் கடமை என்பது இதனால் விளங்குகிறது.

நம் நாட்டில் ஒடிசா மாநிலத்தின் ரூர்கேலாவில் உள்ள இஸ்பாத் பொது மருத்துவமனையிலும் இத்தகைய ஆராய்ச்சிகள் நடைபெற்றன. மருத்துவர் சஞ்சீப் மொஹந்தியும் அவருடன் பணியாற்றியோரும் பெரியவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். நோய் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் ஒரே வழியில் செல்வதில்லை என்பதை அப்படங்கள் காட்டின. பெரியவர்களுக்கு மூளையுடன் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவையும் பாதிக்கப்படுவது மிகுதி. ஆகவே, ‘மூளை நோய்க்கு ஏன் டயாலிசிஸ்?’ என்று குடும்பத்தினர் வியக்கத் தேவையில்லை.

வீக்கத்துக்கு மருந்து இல்லையா?

இரண்டாவது கேள்விக்கு விடை கூற, ஆராய்ச்சியாளர்கள் முயன்று பார்த்த மூன்று மருந்துகளைக் குறிப்பிடவேண்டும்.

முதலாவது, டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. மூளைக்கட்டியால் வரும் வீக்கத்தை இது நன்கு குறைக்கும். ஆதலால், மூளை மலேரியாவுக்கும் இது நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. தாய்லாந்தில் கோமா நிலையில் இருந்த 100 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1982ஆம் ஆண்டு வெளியானது. இம்மருந்து உயிரைக் காக்கவில்லை. பிழைத்தோர் கோமாவில் கிடந்த காலத்தை ஏறத்தாழ 47 மணி நேரத்திலிருந்து 63 மணி நேரமாக நீட்டித்தது.

இரண்டாவது, மூளையின் நீரை வெளியேற்றும் மன்னிட்டால். ரூர்கேலாவில் வீக்கமுள்ள 61 பெரியவர்களிடம் இது சோதிக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு முடிவு வெளியானது. மன்னிட்டால் பெற்றவர்களுக்கு நினைவு திரும்ப ஏறத்தாழ 90 மணி நேரமும், பெறாதவர்களுக்கு 32 மணி நேரமும் ஆயிற்று.

மூன்றாவது, வலிப்பைத் தடுக்கும் பீனோபார்பிட்டால். கென்யாவின் கிலிபியில் 340 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. முன்கூட்டியே இம்மருந்தை ஊசியாகப் பெற்ற குழந்தைகளுக்கு வலிப்பு குறைந்தது. ஆனால், இறப்பு இரு மடங்காயிற்று: மருந்து பெற்றோரில் 30 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். வலிப்பை அடக்கிய மருந்து மூச்சையும் அடக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். (ஏற்கெனவே வலிப்பு நோய்க்காக மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை உட்கொண்டு வருவோர், இதனைப் படித்துவிட்டு அதனை நிறுத்தக் கூடாது. இது வேறு சூழலில் நடந்த ஆய்வு.)

இம்மூன்றும் நல்லெண்ணத்துடனேயே கொடுக்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு நடத்தப்படாதிருந்தால், அவை தீங்கு செய்வதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ‘இன்னும் ஏதாவது மருந்து கொடுங்கள்’ என்று நீங்கள் கேட்கும்போது நாங்கள் பொறுத்திருக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பலன் தருவது எது? சீன அறிவியலாளர் து யூயூ குழுவினர் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினினின் வழிவந்த ‘ஆர்ட்டிசுனேட்’ ஊசியே. து யூயூவுக்கு 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் 1,461 பேரிடம் நடத்திய ஆய்வு 2005ஆம் ஆண்டு வெளியானது. பழைய குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேரும், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேரும் இறந்தனர். 2010ஆம் ஆண்டு, ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் இதனை உறுதி செய்தது.

ஊசியுடன் செவிலியரின் கவனிப்பும் சேர்ந்தே உயிரைக் காக்கிறது. குளுக்கோஸ் அளவை அடிக்கடி பார்த்தல், வலிப்பு வந்தவுடன் நிறுத்துதல், நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தல், மூச்சைக் கண்காணித்தல், நீரேற்றத்தை அளவோடு வைத்தல் ஆகியவை எளியவையாகத் தோன்றினாலும், மூளைக்குத் தேவையான காலத்தைப் பெற்றுத் தருபவை அவையே.

பழையபடி இருப்பாரா?

மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை கூறவேண்டும். பெரும்பாலோர் நலமடைகின்றனர். பெரியவர்களிடம் நீடித்த குறைபாடு குறைவாகவே காணப்படுகிறது. குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

பிளான்டையரில் பிழைத்த 132 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளியானது. அவர்களுள் 12 பேருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் ஏற்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட, மூளை மலேரியா இல்லாத 264 குழந்தைகளுள் ஒருவருக்கும் அது ஏற்படவில்லை. மிகுந்த காய்ச்சலும் மருத்துவமனையில் ஏற்பட்ட வலிப்பும் இதற்கு முன்னறிகுறிகளாக அமைந்தன. உகாண்டாவின் கம்பாலாவில், 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், நோயிலிருந்து மீண்டு இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கவனம், நினைவாற்றல், கற்றல் ஆகியவற்றுள் குறை காணப்பட்டது.

இக்குறைகள் வீடு திரும்பும் நாளில் கண்ணுக்குத் தெரியாதவை. நடந்து, பேசி, உண்ணும் குழந்தை முழு நலம் பெற்றுவிட்டதாகவே தோன்றும். சில மாதங்கள் சென்றபின் பாடத்தில் பின்தங்கும்போது, ‘சோம்பல்’ என்றும் ‘பிடிவாதம்’ என்றும் அதனைக் கடிந்துகொள்வோம். அது நோயின் எச்சமாக இருக்கக்கூடும் என்பதை அறிந்திருந்தால், கடிந்துகொள்வதற்கு முன் மருத்துவரிடம் அழைத்து வருவோம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் வந்தவுடன்: ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்குப் பணிக்கோ பயணமாகவோ சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், அன்றைய தினமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தாலும் பயண விவரத்தை மருத்துவரிடம் தாமாகவே கூறவேண்டும். மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி நாள்களைக் கடத்துவது ஆபத்தானது.

அபாய அறிகுறிகள்: தடுமாற்றமான பேச்சு, மிகுந்த உறக்கம், வலிப்பு, தொடர்வாந்தி, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். நினைவு குன்றியவரின் வாயில் நீரோ உணவோ புகட்டக் கூடாது. வலிப்பின்போது பற்களுக்கிடையே எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து அழைத்து வாருங்கள்.

வீடு திரும்பிய முதல் மாதம்: ஊசிக்குப் பின் தரப்படும் மாத்திரைகளை, நலமாக உணர்ந்தாலும், முழுமையாக உட்கொள்ளவேண்டும். ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்ற சிலருக்கு, ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை ஏற்படலாம். ஆகவே, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் வரவேண்டும். சிறுநீர் கருத்த நிறத்தில் கழிந்தாலோ, உடல் வெளிறினாலோ, களைப்பு மிகுந்தாலோ அந்நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அதன் பின்னர்: குழந்தையின் பேச்சு, நடை, பார்வை, கேட்கும் திறன், படிப்பு, நடத்தை ஆகியவற்றில் மாற்றம் தென்பட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கணநேரம் வெறித்துப் பார்த்தல், கை கால் திடீரெனத் துடித்தல் போன்றவை வலிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். பள்ளி ஆசிரியரிடம் நோயின் விவரத்தைக் கூறி வைப்பது நன்று. மருத்துவமனையிலிருந்து பெற்ற சுருக்க அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது தேவைப்படலாம்.

மூளை மலேரியா அச்சம் தரும் நோய்தான். எனினும், காலத்தே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோரைக் காக்க முடியும். நோயாளி கண் விழிக்கும் வரை காப்பது எங்கள் பொறுப்பு. அவர் வீடு திரும்பிய பிறகு, அவரிடம் ஏற்படும் சிறு மாற்றத்தையும் முதலில் காணக்கூடியவர்கள் உடனிருக்கும் நீங்களே. கண்டதை எங்களிடம் வந்து கூறுங்கள். அடுத்த சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.